உண்ணும் உரிமை: ஒரு மலைநாட்டு உணவின் வரலாறு

நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இந்நன்னாளில், வெள்ளிவிழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தருமாறு விழாக் குழுவினர் பணித்தனர். எதைப் பற்றி எழுதுவது என்று பல நாள் எண்ணினேன். வரலாறு என்றவுடன் மன்னர்களும் கோட்டைகளும் போர்களுமே நம் கண்முன் தோன்றுவது வழக்கம். ஆனால், மனிதன் நாள்தோறும் செய்யும் செயல்களுள் முதன்மையானது உண்ணுதல். யார் எதை விளைவித்தார், யார் எதைச் சமைத்தார், யார் எதை உண்ண விடப்பட்டார், யார் தடுக்கப்பட்டார் என்னும் வினாக்களுக்கு விடை தேடினால், அதுவும் வரலாறாகவே விரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் கொலம்பசின் கடற்பயணத்தைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பயிர் என்று கூறியபோது, மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அப்படியானால் அதை முதலில் கொண்டுபோன ஸ்பெயின் நாட்டார் அதைக் கொண்டு என்ன குழம்பு வைத்தார்கள்?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்கோ விடை தெரியவில்லை. அவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்த நான் வட ஸ்பெயினின் மலைச்சரிவுகளுக்கும், அங்கே ஆட்டுக்கறியும் மிளகாயும் ஒன்றாக வேகும் ஒரு சட்டிக்கும், அச்சட்டியின் அருகே நிற்கவும் விடப்படாத ஒரு மக்கள் கூட்டத்திற்கும் வந்து சேர்ந்தேன். அவ்வரலாற்றையே இங்கு என் இளைய தோழர்கள் முன் வைக்கிறேன்.

மலையும் மந்தையும்

ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் இடையே வேலிபோல் நிற்பது பிரனீஸ் மலைத்தொடர். அதன் தென்மேற்குச் சரிவில் அமைந்த நாடு நவார்ரா. முற்காலத்தில் தனி அரசாக விளங்கிய இது இன்று ஸ்பெயினின் ஒரு மாநிலம். இதன் கிழக்கே அரகோன் உள்ளது. நவார்ராவின் வடபகுதி மழை மிகுந்த பசுமையான மலைநாடு. தென்பகுதியோ எப்ரோ ஆற்றை ஒட்டிய வெப்பம் மிக்க சமவெளி. அங்கே பார்தேனாஸ் ரேயாலேஸ் என்னும் வறண்ட பொட்டல் நிலம் பரந்து கிடக்கிறது.

இம்மண்ணின் செல்வம் செம்மறியாடு. கோடைக்காலத்தில் மலைமுகட்டுப் புல்வெளிகளில் மேயும் மந்தைகள், பனி விழத் தொடங்குமுன் தெற்கே இறங்கும். ரோன்கால், சலசார் ஆகிய மலைப்பள்ளத்தாக்குகளின் இடையர்கள் 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவைக் கால்நடையாகக் கடந்து தம் ஆடுகளைப் பார்தேனாஸ் நிலத்திற்கு ஓட்டி வருவர். ஆண்டுதோறும் செப்டம்பர் 18ஆம் நாள் மந்தைகள் அந்நிலத்தினுள் நுழைவது இன்றளவும் நிகழும் மரபாகும். அன்று முதல் கோடை தொடங்கும் வரை அங்கே கிடை போட்டுத் தங்கியிருந்து, பின்னர் மீண்டும் மலையேறுவர்.

நம் பகுதியில் கீதாரிகள் கிடை போட்டு ஊர் ஊராகச் செல்வதைப் பார்த்தவர்கள் இவ்வாழ்க்கையை எளிதில் உணர்வர். இடையன் கையில் இருப்பவை ஒரு சட்டி, சிறிது எண்ணெய், உப்பு, வெங்காயம், பூண்டு, ரொட்டி. நடக்க முடியாமற்போன ஆடோ, அடிபட்ட ஆடோ கிடைத்தால் அன்று கறி. சட்டியில் இட்டு, விறகைச் சிறிதாகத் தள்ளி, மந்தையைப் பார்த்துக்கொண்டே பொறுமையாக வேகவைப்பதே அவனுக்கு இயன்ற சமையல்.

மிளகைத் தேடி மிளகாயைக் கண்ட கதை

இச்சட்டியில் மிளகாய் எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதைக் காண்போம்.

1492ஆம் ஆண்டு கொலம்பஸ் கடல் கடந்தது இந்தியாவின் செல்வங்களை நாடி. அவற்றுள் தலையாயது மிளகு. அக்காலத்தில் ஐரோப்பாவில் மிளகு செல்வர் வீட்டுப் பொருள். கேரளக் கரையிலிருந்து பல வணிகர் கை மாறிச் செல்வதால் அதன் விலை உயர்ந்துகொண்டே போகும். கொலம்பஸ் சென்றடைந்த தீவுகளில் மிளகு இல்லை. ஆனால் அங்குள்ள மக்கள் சிவந்த ஒரு காயை உணவில் சேர்த்து உண்பதைக் கண்டார். 1493 சனவரியில் தம் குறிப்பேட்டில் அதைப் பற்றி எழுதினார். அவருடைய இரண்டாம் பயணத்தில் உடன் சென்ற மருத்துவர் சான்கா என்பவரும் அத்தீவினர் அக்காயைக் கொண்டு உணவுக்குச் சுவையூட்டுவதைத் தம் மடலில் தெரிவித்துள்ளார்.

ஸ்பானிய மொழியில் மிளகுக்குப் 'பிமியெந்தா' என்று பெயர். புதிதாக வந்த காயைப் 'பிமியெந்தோ' என்றனர். தமிழர்களாகிய நாமும் மிளகு போல் உறைக்கும் காய் ஆதலால் 'மிளகாய்' என்றோம். வெவ்வேறு நாட்டு மக்கள் ஒரே முறையில் எண்ணிப் பெயரிட்டமை வியப்புக்குரியது. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாக அக்காய் நம் நாட்டுக்கு வந்தது. அதற்கு முன் நம் முன்னோர் காரத்திற்கு மிளகையே நம்பியிருந்தனர் என்பதை இளைஞர்கள் நினைவில் கொள்ளல் வேண்டும்.

மிளகுக்கும் மிளகாய்க்கும் உள்ள பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. மிளகுக் கொடி ஐரோப்பிய மண்ணில் வளராது. மிளகாய்ச் செடியோ எங்கும் வளரும். 16ஆம் நூற்றாண்டில் செவில் நகரில் வாழ்ந்த மருத்துவர் நிக்கோலாஸ் மொனார்தேஸ், ஸ்பெயின் நாட்டுத் தோட்டங்களில் மிளகாய் பரவியிருந்ததை எழுதியுள்ளார். மிளகை வாங்கப் பொற்காசு வேண்டும், இதற்கோ விதைக்கும் உழைப்பு ஒன்றே செலவு என்பது அவர் கருத்து. கப்பலும் வணிகனும் பொற்காசும் இல்லாத ஏழை, தன் குடிசைக் கொல்லையில் ஒரு செடியை நட்டு, தன் உணவுக்கு நிறமும் மணமும் தேடிக்கொண்டான். வறியவன் நாவுக்கும் சுவை உண்டு என்பதை இச்சிறு செடி நிலைநாட்டியது எனலாம்.

ஸ்பெயினில் வளர்த்த மிளகாய் வகைகள் பலவும் காரம் குறைந்தவை, சதைப்பற்று மிக்கவை. எப்ரோ ஆற்றங்கரைத் தோட்டங்கள் இவற்றுக்குப் பேர்போனவை. அக்கரையில் உள்ள லோதோசா என்னும் ஊரின் 'பிகியோ' மிளகாய், நெருப்பில் சுட்டுத் தோலுரித்துப் பதப்படுத்தப் பெறுவது. 1987இல் அதற்குத் தோற்ற இடத்தைக் குறிக்கும் அரசு முத்திரை கிடைத்தது. 'சோரிசேரோ' என்னும் மற்றொரு வகையைச் சரமாகக் கோத்து, வீட்டுச் சுவரில் தொங்கவிட்டு உலர்த்துவர். மலை ஆட்டைத் தந்தது. ஆற்றங்கரை மிளகாயைத் தந்தது. இரண்டும் ஒரே சட்டியில் கூடின.

சிறு தீயின் பயன்

அவ்வாறு கூடிய உணவுக்குக் 'கொர்தேரோ அல் சிலிந்த்ரோன்' என்று பெயர். கொர்தேரோ என்பது செம்மறிக் குட்டியைக் குறிக்கும். சிலிந்த்ரோன் என்ற சொல் இச்சமையல் முறையையும், ஒரு சீட்டாட்டத்தையும் குறிப்பதாக ஸ்பானிய அகராதி கூறுகிறது. நவார்ராவிலும் அரகோனிலும் இது வீட்டு உணவாகவும் விருந்து உணவாகவும் விளங்குகிறது.

செய்முறை எளியதே. எலும்போடு கூடிய முன்னந்தொடைக் கறி ஒரு கிலோ எடுத்துப் பெருந்துண்டுகளாக்கி உப்பிட்டு வைக்கவேண்டும். காரமற்ற உலர்ந்த மிளகாய் ஐந்தாறை விதை நீக்கி, வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, தோலின் உட்புறச் சதையைக் கரண்டியால் வழித்தெடுக்கவேண்டும். அடிகனத்த சட்டியில் ஆலிவ் எண்ணெய் ஊற்றிக் கறித்துண்டுகளை எல்லாப் பக்கமும் சிவக்க வறுத்துத் தனியே எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் இரண்டு வெங்காயம், நான்கு பல் பூண்டு ஆகியவற்றை நறுக்கி வதக்குவர். அரகோன் பகுதியில் சிவந்த குடமிளகாயும் தக்காளியும் சேர்ப்பர். நவார்ராவில் உலர்ந்த மிளகாயின் விழுதே முதன்மை. பின்னர்க் கறியை மீண்டும் இட்டு, அந்நாட்டு வழக்கப்படி ஒரு குவளைத் திராட்சை மதுவும் சிறிது நீரும் வார்த்து, மூடியிட்டு, சிறு தீயில் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் விட்டுவிடுவர். மது சேர்க்க விரும்பாதோர் நீரையே வார்க்கலாம். கறி எலும்பை விட்டு நழுவும்போது குழம்பு செந்நிறமாகித் திரண்டு நிற்கும்.

இதில் அறிவியலும் உண்டு. ஆடு நடந்து நடந்து உழைத்த உறுப்புகளாகிய தோள், கால், கழுத்து ஆகியவற்றில் தசையைப் பிணைக்கும் கொலாஜன் என்னும் புரதம் மிகுதி. அதனால்தான் அக்கறி கடினமாக இருக்கிறது. பெருந்தீயில் விரைந்து வேகவைத்தால் தசை சுருங்கி, நீர் வெளியேறி, கறி நாராகிவிடும். ஈரத்தோடு கூடிய சிறு தீயில் நீண்டநேரம் விட்டால் கொலாஜன் மெல்லக் கரைந்து ஜெலட்டின் என்னும் பசையாக மாறும். கறி மென்மை பெறுவதும் குழம்பு கெட்டிப்படுவதும் அதனாலேயே.

செல்வர் மென்மையான கறியை வாங்குவர். அதற்கு நேரம் தேவையில்லை. ஏழைக்குக் கிடைப்பது கடினமான கறி. அதை மென்மையாக்க அவனிடம் உள்ள முதல், நேரமும் பொறுமையும் மட்டுமே. உலகெங்கும் இவ்வுண்மையைக் காணலாம். என் இளமைக் காலத்தில் ஊர்த் திருவிழாவில் கிடாய் வெட்டுவார்கள். நல்ல கறியெல்லாம் ஊருக்குள் சென்றபின் எங்கள் தெருவுக்குத் தலையும் காலும் குடலுமே வந்துசேரும். என் அன்னையார் அக்கால்களை வாட்டிச் சுத்தம் செய்து, மண்சட்டியில் இட்டு, வரட்டி நெருப்பில் இரவு முழுவதும் வைப்பார். விடியற்காலையில் அச்சாற்றின் மணம் எங்களை எழுப்பும். அந்தச் சுவையை நான் மறந்ததில்லை. அந்தக் கால்கள் மட்டுமே எங்களுக்கு ஏன் வந்தன என்ற வினாவையும் மறந்ததில்லை.

சட்டியருகே வரக்கூடாதோர்

இவ்வினாவே என்னை நவார்ரா வரலாற்றின் மறுபக்கத்திற்கு அழைத்துச் சென்றது.

நவார்ராவின் வடகோடியில் பஸ்தான் என்னும் அழகிய பள்ளத்தாக்கு உள்ளது. அங்கே அரிஸ்குன் என்பது ஓர் ஊர். அதனை ஒட்டிய சிறு குடியிருப்பு போசாத்தே. ஊர் வேறு, குடியிருப்பு வேறு. இப்பிரிவினை நமக்குப் புதியதன்று. போசாத்தேயில் வாழ்ந்தவர்களை 'அகோத்தே' என்றழைத்தனர். பிரனீசின் மறுபுறம் பிரான்சில் இதே நிலையில் இருந்தோர்க்குக் 'ககோ' என்று பெயர்.

இவர்கள் யார்? பிறமொழியினரா? இல்லை, அண்டை வீட்டார் பேசிய மொழியையே பேசினர். பிறசமயத்தினரா? இல்லை, அதே கத்தோலிக்கக் கிறித்தவர்கள். உருவில் வேறுபட்டவர்களா? அதுவும் இல்லை. தொழுநோயாளரின் வழிவந்தோர் என்றனர் சிலர். தோற்றோடிய படையினரின் வழியினர் என்றனர் சிலர். சமய மறுப்பாளரின் மரபினர் என்றனர் வேறு சிலர். எதற்கும் உறுதியான சான்றில்லை. காரணம் மறந்துபோயிற்று; ஒதுக்குதல் மட்டும் பல நூற்றாண்டுகள் நின்றது.

தேவாலயத்தில் அவர்களுக்குத் தனி வாயில், தனி இடம், தனிப் புனிதநீர்த் தொட்டி. சில இடங்களில் புனிதநீரைக் கோலின் நுனியில் வைத்தே அவர்களுக்கு அளித்தனர். அவர்கள் தங்களுக்குள்ளேயே மணம் செய்துகொள்ள வேண்டும். சில பகுதிகளில் செந்துணியில் வெட்டிய வாத்துப் பாத வடிவத்தை ஆடையில் அணியவேண்டும். வெறுங்காலுடன் பொதுவழியில் நடக்கலாகாது. சந்தையில் உணவுப் பொருளைக் கையால் தொடலாகாது. பல ஊர்களில் நீரூற்றும் தனி.

தச்சுவேலை, கல்வேலை, நெசவு, மாவரைத்தல் ஆகியவையே அவர்களுக்கு விடப்பட்ட தொழில்கள். திருவிழாக்களில் மேளம் கொட்டுவதும் அவர்கள் பணியாக இருந்தது. பிரனீசின் வடபுறத்தில் பெயார்ன் நாட்டை ஆண்ட காஸ்தோன் பேபுஸ், மொந்தானேர் கோட்டையைக் கட்டியபோது 1379இல் அதன் மரவேலையை ககோ தச்சர்களிடமே ஒப்படைத்தார். அவர்கள் இழைத்த மரம் தீட்டுப்படவில்லை. அவர்கள் தொட்ட ரொட்டி மட்டுமே தீட்டுப்பட்டது. இம்முரண்பாட்டை நாம் நம் ஊர்களிலும் கண்டவர்கள் அல்லவா?

ஆட்டுக்கும் அளவு வைத்த சட்டம்

இனி நம் பொருளாகிய ஆட்டுக்கறிக்கு வருவோம்.

பஸ்தான் பள்ளத்தாக்கில் மேய்ச்சல் நிலமும் காடும் ஊர்ப்பொது. ஊருரிமை பெற்ற குடிகள் மட்டுமே அவற்றைப் பயன்படுத்தலாம். 15ஆம் நூற்றாண்டில் அப்பள்ளத்தாக்கின் குடிகள் அனைவரும் உயர்குடிப் பிறந்தோர் என்னும் ஏற்பைப் பெற்றனர். அகோத்தேயருக்கு அவ்வூருரிமை இல்லை. உர்சுவா என்னும் பிரபுக் குடும்பத்தின் நிலத்தில் குத்தகைக் குடிகளாக அவர்கள் வாழ்ந்தனர். புல்வெளி கண்முன் விரிந்திருந்தது. அதில் தன் ஆட்டை விட உரிமையில்லை. மேய்ச்சல் உரிமை இல்லாதவனுக்கு மந்தை ஏது? மந்தை இல்லாதவன் சட்டியில் கறி ஏது?

ஆங்கில நாவலாசிரியை எலிசபெத் காஸ்கெல் 1855இல் இம்மக்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். பிரெஞ்சு அறிஞர் பிரான்சிஸ்க் மிஷேல் 1847இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூல் அதற்கு முன்னோடி. காஸ்கெல் தரும் செய்தியொன்றைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துச் சிறிதுநேரம் அமர்ந்திருந்தேன். ஒரு ககோ குடும்பம் 20 செம்மறியாடு, ஒரு கிடாய், ஒரு பன்றி, ஆறு வாத்து ஆகியவற்றுக்கு மேல் வைத்திருக்கலாகாது. ஆட்டின் மயிரைக் கொண்டு ஆடை நெய்துகொள்ளலாம். பன்றியைக் கொன்று குளிர்காலத்திற்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவ்வாடுகள் ஈனும் குட்டிகளை உண்ணலாகாது. பழைய ஆட்டுக்கு மாற்றாக நல்ல குட்டியொன்றை வைத்துக்கொள்ளலாம் என்பதே அவர்களுக்கிருந்த சலுகை. ஆண்டுதோறும் நவம்பரில் புனித மார்ட்டின் திருநாளை ஒட்டி ஊர் அதிகாரிகள் வந்து ஆடுகளை எண்ணுவர். அளவுக்கு மேல் இருந்தால் பறிமுதல் செய்வர் என்று அவர் எழுதுகிறார்.

இளைஞர்களே, இதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். இரவில் கண்விழித்து ஈற்றுக்குத் துணைநின்றவன் அவன். பனியில் குட்டியைத் தன் போர்வைக்குள் வைத்துக் காத்தவன் அவன். கொல்லையில் மிளகாய்ச் செடியை அவனும் நட்டிருக்கலாம். அதற்குப் பொற்காசு வேண்டியதில்லை. அடுப்பும் விறகும் பொறுமையும் அவனிடம் இருந்தன. ஆயினும் தான் வளர்த்த குட்டியைத் தன் பிள்ளைகளுக்குச் சமைத்துத் தர அவனுக்கு உரிமையில்லை. வறுமையால் உண்ண முடியாமற்போவது ஒரு துன்பம். கையில் இருந்தும் உண்ணாதே என்று ஊர் கூடித் தடுப்பது இழிவு. முன்னதை ஒரு நல்ல விளைச்சல் மாற்றிவிடும். பின்னதை விளைச்சல் மாற்றாது.

ஒரு விண்ணப்பமும் முந்நூறு ஆண்டுகளும்

அவர்கள் வாளாவிருக்கவில்லை. நவார்ரா அகோத்தேயர் தம் குறைகளை எழுதி உரோமாபுரிக்கு விண்ணப்பித்தனர். தேவாலயத்தில் பிறரோடு ஒப்ப நடத்தப்படவில்லை என்பதே அவர்கள் முறையீடு. 1515ஆம் ஆண்டு போப்பாண்டவர் பத்தாம் லியோ, ஏனைய நம்பிக்கையாளரைப் போன்றே அவர்களும் அன்புடன் நடத்தப்படவேண்டும் என்று ஆணை பிறப்பித்தார்.

கிறித்தவ உலகின் மிக உயர்ந்த இடத்திலிருந்து ஆணை வந்துவிட்டது. ஊர் மாறியதா? மாறவில்லை. உள்ளூர்ப் பெரியோர் ஆணையைச் செயற்படுத்த மறுத்தனர். வழக்குகள் நீண்டன. ஏறத்தாழ 300 ஆண்டுகள் கழித்து, 19ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியில்தான் நவார்ராவின் மன்றம் அகோத்தேயரைப் பிரித்துவைத்த விதிகளைச் சட்டத்தால் நீக்கியது. சட்டம் நீங்கியும் வழக்கம் உடனே ஒழியவில்லை. பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்கும் மனநிலை 20ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. அவ்வூரில் பிறந்த சிற்பி ஒருவர் பிற்காலத்தில் தம் முன்னோரின் வாழ்வை எடுத்துக்காட்டும் அருங்காட்சியகத்தைப் போசாத்தேயிலேயே அமைத்தார். மறைக்கவேண்டிய பெயராக இருந்ததைத் தலைநிமிர்ந்து சொல்லும் பெயராக மாற்றிய செயல் அது.

நம் நாட்டு வரலாற்றோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் மகாத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கி ஒரு கை நீர் அள்ளிப் பருகினார். நீர் எங்கும் கிடைப்பதே. ஆனால் அந்த ஒரு கை நீரில் மனித உரிமை முழுவதும் அடங்கியிருந்தது. 1950 சனவரி 26இல் நடைமுறைக்கு வந்த நம் அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, கடை, பொது உணவகம், விடுதி, கிணறு, குளம் ஆகியவற்றில் சாதியின் பெயரால் எவரையும் தடுத்தலாகாது என்கிறது. அடிப்படைச் சட்டத்தில் உணவகத்தையும் கிணற்றையும் ஏன் பெயர் சொல்லிக் குறிப்பிட்டனர்? இழிவு குடிபுகும் இடம் எது என்பதைச் சட்டம் செய்தோர் அறிந்திருந்தனர். நான் மாணவனாக இருந்தபோது பேருந்து நிறுத்தத்துத் தேநீர்க் கடையில் எங்களுக்கென்று தனிக் குவளை கூரையில் செருகியிருக்கும். அப்போது 17ஆம் பிரிவு நடைமுறைக்கு வந்து முப்பதாண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தது. சட்டத்திற்கும் குவளைக்கும் இடையே உள்ள தொலைவை அன்று கற்றேன்.

வரலாறு தரும் பாடம்

நவார்ரா வரலாற்றிலிருந்து நாம் பெறத்தக்கவை மூன்று.

முதலாவது, ஒதுக்குதலுக்குப் பிறப்போ உருவமோ மொழியோ காரணமாகத் தேவையில்லை என்பது. அகோத்தேயரிடம் எந்த வேற்றுமையும் இல்லை. ஒதுக்க விரும்பியவர்கள் காரணத்தைப் பின்னர்க் கற்பித்துக்கொண்டனர். ஆகவே, 'நம்மிடம் ஏதோ குறை உள்ளது போலும்' என்ற ஐயம் நம் பிள்ளைகள் எவர் உள்ளத்திலும் எழுதல் ஆகாது.

இரண்டாவது, ஆணை மட்டும் போதாது என்பது. 1515ஆம் ஆண்டின் ஆணை தாளில் இருந்தது. அதைப் படிக்கவும், எடுத்துரைக்கவும், வழக்குமன்றத்தில் நின்று வாதிடவும் தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் தேவைப்பட்டனர். சட்டத்தைப் படிக்கத் தெரிந்தவன் ஒருவன் தெருவில் இருந்தால் அத்தெருவை ஏமாற்றுவது கடினம். நம் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக மாலைப்பள்ளி விளக்கை அணையாமல் காத்துவருவது இதற்காகவே.

மூன்றாவது, நம் உணவைப் பற்றி நாம் நாணவேண்டியதில்லை என்பது. இடையன் காட்டில் சமைத்த சட்டிக்கறி இன்று நவார்ராவின் பெருமை. கடினமான கறியை மென்மையாக்கும் கலையை அரண்மனைச் சமையற்காரன் கண்டுபிடிக்கவில்லை. கிடைத்ததைக் கொண்டு பிள்ளைகளின் பசியாற்றிய ஏழைத் தாய்மார்களின் அறிவு அது. என் அன்னையார் எழுத்தறியாதவர். ஆனால் கொலாஜன் கரையும் நேரத்தைக் கைப்பக்குவத்தால் அறிந்திருந்தார். அவ்வறிவுக்குப் பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் இல்லை என்பதால் அது அறிவு இல்லை என்றாகிவிடாது. உங்கள் பாட்டியாரிடம் அமர்ந்து அவர் சமைத்தவற்றையும், எது கிடைத்தது, எது மறுக்கப்பட்டது என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள். அரசாங்க ஆவணக் காப்பகத்தில் இல்லாத வரலாறு அவர்களிடம் இருக்கிறது.

அன்று வகுப்பில் வினா எழுப்பிய மாணவனுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். சென்ற பொங்கல் விடுமுறையில் என் இல்லத்தில் இக்கறியைச் சமைத்துப் பார்த்தோம். செம்மறிக் குட்டியின் முன்னந்தொடை வாங்கினேன். சோரிசேரோவுக்கு ஈடாகக் காரம் குறைந்த காஷ்மீர் மிளகாயையும், ஆலிவ் எண்ணெய்க்கு ஈடாக நல்லெண்ணெயையும் பயன்படுத்தினோம். இரண்டு மணி நேரம் சிறு தீயில் வெந்தது. பெயரன் பெயர்த்திகள் பொறுமையின்றி அடுக்களைக்கும் கூடத்திற்கும் ஓடிக்கொண்டிருந்தனர். பரிமாறும் வேளையில் எல்லோருக்கும் நல்ல துண்டு கிடைத்தது. எண்ணிப் பார்க்க எந்த அதிகாரியும் வரவில்லை.

அந்த எளிய இரவு உணவின் விலையை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும். அவ்வளவே என் வேண்டுகோள். கழகம் மேலும் பல்லாண்டு வளர்ந்து, பொன்விழாவும் காண்பதாகுக. அம்மலரில் இன்றைய மாணவருள் ஒருவர் இதனினும் சிறந்த வரலாற்றுக் கட்டுரை எழுதுவாராக.